பத்துக் கால் பறவை

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. அப்போது நான் புதுச்சேரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு, பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னி. மூடி கோணலாக இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா தெருமுனையில் காலையில் இட்லி போடுவாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. அதனால் நான் எதைப் படித்தாலும், எதை வாங்கினாலும், அது என்ன, எதற்கு என்று வீட்டில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியாக வேண்டும்.

முதல் தீபாவளி போனஸில் நான் வாங்கி வந்தது ஒரு டிஜிட்டல் கேமரா. சட்டைப் பையில் அடங்கிவிடும். இரண்டு பென்சில் பேட்டரி. ஜூம் என்று சொல்லிக்கொள்ள மூன்று மடங்கு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அது போதும். எனக்கோ பறவை மேல் ஆசை. வேலைக்குப் போகிற பஸ் ஊசுட்டேரி ஓரமாகச் செல்லும்போது ஜன்னலில் தலையை வைத்துப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. லீவு நாளில் ஏரிக்கரையில் போய் நின்று கூழைக்கடாவையும் நாரையையும் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டுவேன்.

"எங்கடா பறவ?"

"அதோ, அந்த வெள்ளப் புள்ளி."

"இது இன்னா, கறுப்பா?"

"அது இன்னொரு பறவ."

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கொசுவப் புடிக்கறதுக்கா இவ்ளோ தூரம் பஸ்ல போய் வர?" என்று கேட்டுவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

தப்பு கேமராவுடையது இல்லை. அந்தக் கேமராவுக்குப் பறவை பக்கத்தில் வேண்டும். பக்கத்தில் போனால் பறவை பறந்துவிடும். ஏரியில் பெரிய லென்ஸ் வைத்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நடு ஏரியில் இருக்கிற பறவையின் கண்ணைப் படம் எடுப்பார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, அவர்களுடைய லென்ஸைப் படம் எடுத்துக்கொண்டு வருவேன்.

எங்கள் கம்பெனியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு குளம் உண்டு. முழுக்க அல்லிக்கொடி. கரையில் ஒரு மோட்டார் கொட்டகை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் காலை, நைட் ஷிப்ட் முடித்து வந்த நான் அதற்குள் ஓடி ஒதுங்கினேன். பழைய மோட்டார் ஒன்று 'கடகட'வென்று ஓடிக்கொண்டிருந்தது. குளத்தைப் பார்த்த சுவரில் இரண்டு செங்கல் விழுந்து ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். சுவருக்கு வெளியே பைப் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்தில் பூச்சி புழு சேர்ந்து, அதைப் பொறுக்க ஒரு பறவை வந்திருந்தது. கறுப்புக் கழுத்து, வெண்கல நிறத்தில் சிறகு, கண்ணுக்கு மேல் மை தீட்டுவதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு தீட்டினாற்போல ஒரு வெள்ளைக் கோடு. விரல்கள் மட்டும் அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். அந்த விரல்களை விரித்து வைத்து அல்லி இலை மேலேயே நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டில் போடுகிற தூரம்தான் எனக்கும் அதற்கும். மோட்டார் சத்தத்தில் நான் மூச்சு விடுவது அதற்குக் கேட்கவில்லை.

கேமராவை எடுக்கப் பைக்குள் கையை விட்டதுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு குரல்.

"யார்றா அவன்? ஒயரு திருட வந்தியா?"

திரும்பினால், கையில் மண்வெட்டியோடு ஒரு அக்கா. வயலுக்குச் சொந்தக்காரர். காலடியில் ஒரு செவலை நாய், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கத்தில் மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடுகிற கும்பல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்த காலம் அது.

"இல்லக்கா, போட்டோ எடுக்க வந்தேன்."

"மோட்டார போட்டோ எடுத்து இன்னா பண்ணப் போற?"

"பறவய எடுக்கறேன்க்கா. இதோ, இந்த ஓட்ட வழியா."

அவர் என்னைத் தள்ளிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். நாய் வந்ததுமே பறவை ஓடிவிட்டிருந்தது. "ஒண்ணும் இல்லியே! நல்லா கத உடுற," என்றார். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம், "வாடா ஒயரு" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கொட்டகைக்குள் உட்கார வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஷிப்ட் முடிந்த காலைகளில் அந்த ஓட்டையே எனக்குப் பெரிய லென்ஸ் ஆகிவிட்டது. நூலகத்தில் புத்தகம் பார்த்து, அதன் பெயர் இலைக்கோழி என்று தெரிந்துகொண்டேன். சில வாரங்களில் முட்டை பொரிந்து நாலு குஞ்சுகள் வந்தன. பழுப்புப் பஞ்சை உருட்டி இரண்டு தீக்குச்சியைச் சொருகிவிட்ட மாதிரி, உடம்பு கொஞ்சம், மீதி எல்லாம் கால்.

ஒருநாள் காலை அந்தக் குஞ்சுகளைக் குறிவைத்துக் கேமராவைப் பாதி அமுக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். அந்த மாதிரி கேமராக்களில் பட்டனை அமுக்கினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எடுக்கும்; அதற்குள் பறவை பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். பாதி அமுக்கி வைத்திருந்தால் உடனே எடுக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டார் 'ஊஉ' என்று இழுத்துக்கொண்டே நின்றது. திடீரென்று உலகமே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி ஓர் அமைதி.

பெரிய பறவை தலையைத் தூக்கியது. ஒரே ஒரு குரல் கொடுத்தது. நாலு குஞ்சும் ஓடி வந்தன. அது மண்டியிடுகிற மாதிரி தாழ்ந்து, இரண்டு சிறகையும் கொஞ்சம் விரித்து, இந்தக் கக்கத்தில் இரண்டு, அந்தக் கக்கத்தில் இரண்டு என்று குஞ்சுகளை இடுக்கிக்கொண்டு எழுந்தது. குஞ்சுகளின் உடம்பு உள்ளே போய்விட்டது. கால்கள் மட்டும் வெளியே தொங்கின. தன் கால் இரண்டு, குஞ்சுகளின் கால் எட்டு. ஒரு பறவை, பத்துக் கால்!

என் விரல் தானாக அமுக்கிவிட்டது. ஒரே படம். அடுத்த படத்துக்குள் அது இலைகளுக்கு நடுவே போய்விட்டது. வரப்பில், மோட்டார் ஏன் நின்றது என்று பார்க்க அக்கா வந்துகொண்டிருந்தார், முன்னால் அந்த நாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மோட்டார் நின்றால் நாய் வரும். அந்தப் பறவை அதைப் படித்து வைத்திருந்தது.

வீட்டில் கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன்.

"இன்னாடா இது, நண்டா?" என்றாள் அம்மா.

"நண்டுக்கு எதுக்குடி றெக்க?" என்றார் அப்பா. முதல் முறையாகக் கேமராவைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார்.

அந்த வாரம்தான் ஊரில் ஓர் இயற்கை ஆர்வலர் மன்றம், நம் பகுதிப் பறவைகள், நிலக்காட்சிகள் என்று புகைப்படப் போட்டி வைத்திருந்தது. தேர்வாகும் படங்களைக் கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டு ஹால் ஒன்றில் மாட்டுவார்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டது. எங்கள் தெரு ஸ்டூடியோ அண்ணனிடம் மெமரி கார்டைக் கொடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சி.டி.யும் அடித்து வைக்கச் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன். மறுநாள் அவர் பழுப்புக் காகிதத்தில் சுற்றி ஒட்டிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பிரிக்கவில்லை. பிரித்தால் கசங்கிவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் படம் தேர்வாகிவிட்டதாக மன்றத்திலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு. அம்மா இட்லி வாங்க வந்த ஒருவரைக்கூட விடவில்லை. "ஞாயித்துக்கெழம பீச்சாண்ட வந்துருங்க. எம்புள்ள எடுத்த படத்த மாட்டறாங்க. பேரு போட்டு!" சட்னி ஊற்றுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவாள். எங்கள் குடும்பத்துப் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு போன். உடனே வரச் சொன்னார்கள்.

ஹாலில் நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாங்கு அதிகாரி. ஏரிக்கரையில் நான் பின்னால் நின்று பார்த்த பெரிய லென்ஸ்காரர்களில் அவரும் ஒருவர். இன்னொருவர் ஒரு மேடம். பிரான்சில் பல வருடம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய நம் ஊர்க்காரர். சுவரில் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. என் படம் மட்டும் மேஜை மேல் கிடந்தது.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க," என்று பாங்கு சார் ஆரம்பித்தார். "இந்தத் தாமரை எங்க பூத்துது?"

"எந்தத் தாமரை சார்?"

அவர் விரல் வைத்த மூலையைப் பார்த்தேன். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. படத்தின் வலது பக்க மூலையில், ரோஸ் கலரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாமரைப் பூ. நான் எடுக்காத பூ.

"இலை எல்லாம் அல்லி இலை. பூ மட்டும் தாமரை. தண்ணியில அதோட நிழலும் விழல. சரிதானே?"

"சார்... பூ நான் எடுக்கல சார். ஆனா கால் நெஜம்."

"பூ பொய், கால் மட்டும் நெஜமா?" அங்கே ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. "பூவ ஒட்டத் தெரிஞ்சவங்களுக்குக் காலை ஒட்டவும் தெரியும். இப்பல்லாம் கிராபிக்ஸ்ல எல்லாமே பண்றாங்க. ஒரிஜினல் பைல் கொண்டுவாங்க, பார்ப்போம். இல்லைன்னா இத மாட்ட முடியாது. மாட்டினா மத்த படத்தையும் ஜனங்க சந்தேகப்படுவாங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அண்ணன் ஒரு கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை மேகத்தின் மேல் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பூவு?"

அவர் முகம் மலர்ந்தது. "நல்லா வந்துருக்கு இல்ல? அந்த மூல மொட்டயா இருந்துச்சு தம்பி. மத்தவங்களுக்குன்னா ரோஜாதான் வெப்பேன். உனுக்குத் தண்ணி படமாச்சேன்னு தேடித் தேடித் தாமரையா வெச்சேன்."

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதாண்ணே?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஒரிஜினலு எங்கண்ணே?"

"அதுமேலயேதான் சேவ் பண்ணேன். உன் கார்டயும் சுத்தமா அழிச்சுக் குடுத்துட்டேன், எடமா இருக்கும்னு." நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு போனது. "ஏன் தம்பி, இன்னா ஆச்சு? வேணும்னா பூவ எடுத்துரட்டுமா?"

அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிற படங்களில் அவர் வைத்த பூ இருக்கிறது. என் அப்பா அம்மா படத்திலும் இரண்டு ரோஜா இருக்கிறது. அன்பாகச் செய்கிற வேலை என்றால் அவருக்கு அதுதான்.

திரும்ப ஹாலுக்கு நடந்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு. பரிசு போனால் போகட்டும். ஆனால் ஞாயிறு சாயங்காலம் அம்மா ஒரு தெருவையே திரட்டிக்கொண்டு வந்து, சுவரில் தன் மகன் பெயரைத் தேடுவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்பாள். "அந்தப் பையன் ஒட்டு வேலை பண்ணிட்டாம்மா" என்று யாராவது அவளிடம் சொல்வார்கள். அதை நினைத்ததும் கால் தானாக வேகம் பிடித்தது.

நடந்ததைச் சொன்னேன். ஆல்பம், ரோஜா எல்லாம் சொன்னேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாங்கு சார் பெருமூச்சு விட்டார். "நம்பணும்னுதான் எனக்கும் ஆசை தம்பி. ஆனா ஆதாரம்?"

"ஆதாரம் குளத்துலதான் சார் இருக்கு. நாளன்னைக்குக் காலைல வாங்க. காட்டறேன்."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஷிப்ட் மாறியதால் நான் அந்தப் பக்கம் போயே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. குஞ்சுகள் வளர்ந்திருக்கும். இன்னும் சிறகுக்குள் அடங்குமா? உயிரோடு இருக்கிறதா? எதுவும் தெரியாது.

பாங்கு சார் தயங்கினார். மேடம்தான் முடிவு செய்தார். "நான் வர்றேன். ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு வேற என்ன வேலை? " பாங்கு சார் பக்கம் திரும்பி, "மொசியே, நீங்களும் உங்க பெரிய பீரங்கிய எடுத்துக்கிட்டு வாங்க," என்றார்.

ஞாயிறு விடிந்து சூரியன் பனைமர உயரத்துக்கு வந்தபோது சாரின் கார் வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றது. குளத்தை எட்டிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் வயலெல்லாம் நின்றுகொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாவிட்டால் பைப் ஒழுகாது. பறவை பக்கத்தில் வராது. மோட்டார் ஓடி நின்றால்தானே அது குஞ்சுகளை இடுக்கிக்கொள்ளும்?

அக்காவைத் தேடிப் பிடித்துக் கெஞ்சினேன்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? நெல்லு முழுவினு கெடக்குது. இப்ப மோட்டாரப் போட்டா ஊரே சிரிக்கும்."

"தண்ணிய வாய்க்கால்ல திருப்பிக் கொளத்துக்கே உட்ருங்கக்கா. கொஞ்ச நேரம்தான்."

"அந்தப் படத்துல எங் கொட்டா வருதா?"

"வராதுக்கா."

"அப்பறம் எனுக்கு இன்னாத்துக்கு?"

"அந்தப் படத்த நான் ஏமாத்தி எடுத்தேன்னு சொல்றாங்கக்கா. திருட்டு வேலைன்னு நெனைக்கறாங்க."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் நின்ற இருவரையும் பார்த்தார். "இன்னாது, திருடனா? அத நான்தான சொல்லணும்? இவங்க யாரு சொல்றதுக்கு?" புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நாயைப் பிடித்து மாமரத்தில் கட்டிவிட்டு, வாய்க்காலைத் திருப்பிவிட மண்வெட்டியோடு இறங்கினார். போகிறபோக்கில், "நாலு குஞ்சுல ஒண்ணப் பருந்து தூக்கினு பூட்டுது, பாத்துக்கோ" என்றார்.

கொட்டகைக்குள் மூன்று பேருக்கு இடம் போதாது. ஓட்டைக்கு நேராக நான் குந்தியிருந்தேன். என் தோளுக்கு மேல் பாங்கு சாரின் லென்ஸ், முழங்கை நீளம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மேடம், புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு. அவ்வளவு கிரீஸ் நாற்றம். பச்சைப் பட்டனை அழுத்தினேன். மோட்டார் கடகடத்தது. பைப் ஒழுகத் தொடங்கியது.

பறவை வரவில்லை.

காத்திருந்தோம். வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. மேடம் என் காதருகில் கத்திக் கேட்டார், "தம்பி, அது சர்ச்சுக்குப் போயிருக்குமோ?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன்.

பிறகு, அல்லி இலைகளுக்கு நடுவிலிருந்து அந்த வெள்ளைக் கோடு தெரிந்தது. நிதானமாக, தன் வீட்டுக் கொல்லைக்கு வருகிற மாதிரி நடந்து வந்தது. பின்னால் மூன்று குஞ்சுகள். வளர்ந்திருந்தன. முன்னே பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு. அடங்குமா?

தோளுக்கு மேலே 'ஸ்ர்ர்... ஸ்ர்ர்...' என்று சத்தம். சாரின் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். முதுகு சுவரில் இடித்தது. "போக்கஸ் ஆகல தம்பி," என்றார், குரலில் ஒரு தவிப்போடு. "ரொம்பக் கிட்ட இருக்கு. இது தூரத்துல இருக்கறதத்தான் புடிக்கும்."

நடு ஏரியில் இருக்கிற பறவையின் கண்ணைப் பிடிக்கிற லென்ஸுக்கு, கட்டில் தூரத்தில் நிற்கிற பறவை தெரியவில்லை! அவர் ஒரு நொடி யோசித்தார். அந்தப் பெரிய கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் மண்டியிட்டார். "நீ எடு. நான் கண்ணால பாக்கறேன்."

நான் பட்டனைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மேடம், செகப்புப் பட்டன அமுக்குங்க."

பின்னால் மேடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரெஞ்சில் மெதுவாக எண்ணுவது கேட்டது: "அன்... தெ... த்ருவா."

மோட்டார் இழுத்துக்கொண்டு நின்றது. அமைதி.

பறவை தலையைத் தூக்கியது. குரல் கொடுத்தது. தாழ்ந்தது. முதல் குஞ்சு ஓடி வந்து இடது சிறகுக்குள் புகுந்தது. அடுத்தது வலது. மூன்றாவதற்கு இடம் இல்லை. அது இந்தப் பக்கம் முட்டிப் பார்த்தது, அந்தப் பக்கம் முட்டிப் பார்த்தது. பெரிய பறவை எழவில்லை. சிறகை இன்னும் கொஞ்சம் அகட்டிக் கொடுத்தது. குஞ்சு தலையை விட்டு, உடம்பை நெருக்கி, எப்படியோ நுழைந்துவிட்டது. பறவை எழுந்தது. இரண்டு பக்கமும் நீளநீளமாகக் கால்கள், இலையைத் தொட்டும் தொடாமலும். கடைசியாக நுழைந்த குஞ்சு மட்டும் சிறகு ஓரத்தில் தலையை வெளியே நீட்டி நேராக எங்களைப் பார்த்தது.

அமுக்கினேன்.

அது நாலு அடி வைத்து, அத்தனை கால்களும் ஆட, இலைகளுக்குள் மறைந்தது. பிறகு பாங்கு சார், "எட்டு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்குப் பத்து. நெஜம்தான்," என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் அவர் சட்டையெல்லாம். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அது அம்மா இல்ல, தெரியுமா? அப்பா. இந்தப் பறவையில முட்டைய அடைகாத்துப் பிள்ளைய வளர்க்கறதெல்லாம் ஆம்பளைதான்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "இன்னா, ஒயரு? வந்துச்சா?" பாங்கு சார்தான் பதில் சொன்னார்: "வந்துச்சுங்க. திருடன் இல்லைங்க உங்க தம்பி."

"அத நான் சொல்லிக்கறேன்," என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம்.

அன்று மதியம் அந்தப் புதிய படத்தை ஸ்டூடியோ அண்ணனே பிரிண்ட் போட்டார். பாங்கு சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கை மவுஸ் பக்கம் நகரும்போதெல்லாம் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கு ஒரே வருத்தம். "ஒரு சின்ன மொட்டு கூடவா சார்?"

சாயங்காலம் அந்த ஹால் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் அம்மாவின் இட்லி வாடிக்கையாளர்கள். முதல் பரிசு என் படத்துக்கு என்று அறிவித்தவர் பாங்கு சார். அதோடு நிறுத்தவில்லை. கொட்டகையில் தன் லென்ஸ் பட்ட பாட்டை நடித்துக் காட்டி, சுவரில் முதுகு இடித்ததையும் சொல்லி, எல்லாரையும் சிரிக்க வைத்தார். படத்துக்குக் கீழே எந்தக் கேமரா என்று எழுதும் இடத்தில், மேடம் தன் கையாலேயே "சட்டைப் பைக் கேமரா, மோட்டார் கொட்டகை" என்று எழுதி வைத்தார்.

அம்மா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அது அப்பா பறவை என்று சொன்னேன். அவ்வளவுதான், அப்பா பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? அப்பன்னா இப்டி இருக்கணும்."

அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "எனுக்கு றெக்க இல்லியேடி," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலை அதன் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்.

இன்று என்னிடம் நல்ல கேமரா இருக்கிறது. முழங்கை நீளத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு லென்ஸும் இருக்கிறது. எத்தனையோ பறவைகளை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பரிசோ படமோ இல்லை. என்னைச் சந்தேகப்பட எல்லா நியாயமும் இருந்த இரண்டு பேர், கதவைச் சாத்திவிட்டுப் போகாமல், ஒரு கிரீஸ் நாற்றக் கொட்டகையில் என்னோடு வந்து குந்தினார்களே, அதுதான். அதனால்தான் யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொல்லும்போது, 'கிராபிக்ஸ்' என்று நாக்கு நுனி வரை வருகிற வார்த்தையை விழுங்கிவிட்டு, "எங்க பார்த்தீங்க, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.